"டீச்சர், நடுவுல தண்ணி ஊத்துனீங்களா?"

இசக்கியப்பன் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. சுவரொட்டியில்தான் பார்த்தேன். பள்ளி விட்டு வரும் வழியில் திருநெல்வேலி டவுண் ஆர்ச் பக்கம் நெரிசலில் கார் நின்றபோது, ஒரு ஜவுளிக்கடைச் சுவரில் அவர் முகம் இருந்தது. நீலச் சட்டை, படிய வாரிய தலை, ஏதோ கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டியெடுத்த சிரிப்பு. மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றும் கீழே 'எங்கள் என்ஜின் டாக்டர்' என்றும் அச்சடித்து, வாடகைக் கார் ஓட்டுநர்கள் என்று முடித்திருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். முந்தாநாள். தகனமும் முடிந்திருக்கும். பின்னால் நின்ற டவுண் பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்குக் காரை எந்தக் கியரில் போடுவது என்று தெரியவில்லை.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு திடுக்கிடல். இனி இந்த மனிதரிடம் சொல்ல முடியாதே என்கிற திடுக்கிடல். நான்கு வருடங்களாக நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் கார் ஸ்டாண்டின் மூத்த ஓட்டுநர் சுப்பையா அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். "டீச்சர், பதினாறாம் நாளுக்கு அவன் பேருல சின்னதா ஒரு புத்தகம் போடுதோம். நாங்க எழுதுனா எழுத்துப் பிழையாத்தான் இருக்கும். நீங்க ஒரு நாலு பக்கம் நல்லபடியா எழுதித் தாங்க" என்றார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "கெட்டிக்காரன். உங்க வண்டி விஷயத்துல மட்டும் ஒரு தடவை கோட்டை விட்டுட்டான். அதை எழுதிராதீங்க, பாவம்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அண்ணாச்சி, மன்னிக்க வேண்டும். அதை மட்டும்தான் எழுதப் போகிறேன். இசக்கியப்பனைத் தெரிந்த உங்கள் எல்லாருக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது: நல்ல மெக்கானிக், ஆனால் அந்தக் கெமிஸ்ட்ரி டீச்சர் வண்டியில் ஏமாந்துபோனவர் என்று. அந்த எண்ணத்தோடு நீங்கள் அவர் படத்துக்கு மாலை போடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பக்கங்கள்.

அவரை நான் முதலில் பார்த்தது ஆறேழு வருடங்களுக்கு முன்பு. எங்கள் காரில் ஒருநாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம், மோர் கடையும்போது மத்தில் ஒட்டுமே வெண்ணெய், அதுபோல மஞ்சள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும் என்பது எனக்குத் தெரியும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் போலத் திரளுவதைத்தான் பதினொன்றாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிறேன். ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டினேன். என்ஜினைத் திறந்தே ஆகவேண்டும், ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார்கள். என்ஜினின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவில் தண்ணீரையும் ஆயிலையும் சேரவிடாமல் காக்கும் தகடு அது. அது போனால் என்ஜின் போச்சு என்று என் கணவர் முகம் வாடிவிட்டது. யாரோ பேட்டை ரோட்டில் இருக்கும் தகரக் கொட்டகையைச் சொன்னார்கள்.

அங்கே போனால் அந்த மனிதர் பானட்டைத் திறக்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூன்று கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுதீங்க? எங்கன நிறுத்துதீங்க? நடுவுல எதுவும் ஊத்துனீங்களா?" எந்த வண்டி வந்தாலும் இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டிலிருந்து பள்ளி இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு கிலோமீட்டர், வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன், எதையும் ஊற்றவில்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அப்புறம்தான் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். கம்பியில் ஆயில் சுத்தமாக இருந்தது. உள்ளே போய்ப் பழைய தோசைக்கல் ஒன்றை அடுப்பில் வைத்துக் காயவிட்டு, கம்பியிலிருந்து ஒரு சொட்டை அதன்மேல் விட்டார். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு வெடிப்பதுபோலப் படபடக்கும். காதைக் குனிந்து வைத்துக் கேட்டார். ஒரே ஒரு சின்ன சத்தம். "உள்ள இருந்து தண்ணி வரல டீச்சர். உங்க வண்டிக்கு வேர்க்குது, அம்புட்டுத்தான். சூடேறதுக்கு முன்னாடி நிப்பாட்டிருதீங்க. உள்ள இருக்க ஈரம் வெளிய போவ வழியில்லாம மூடியில போயி ஒட்டிக்கிடுது. வாரத்துல ஒரு நாள் சேரன்மகாதேவி வரைக்கும் நிப்பாட்டாம ஓட்டிட்டு வாங்க" என்றார். என்ஜினைத் திறக்கவேண்டிய வண்டிக்கு இப்படி ஒரு வைத்தியமா என்று என் கணவர் நம்பவே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். வயல்களுக்கு நடுவே போய், ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே பயணம் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு மாதத்தில் மூடி பளிச்சென்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து என் கணவர் ஊரெல்லாம் இசக்கியப்பன் புகழ்தான் பாடிக்கொண்டு திரிந்தார்.

ஆற்றில் வெள்ளம் வந்து தெருக்களில் ஏறிய அந்த வருடம் அவர் செய்ததை ஸ்டாண்டில் இருக்கும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். முழங்கால் தண்ணீரில் தெருத்தெருவாக நடந்து, "சாவியைத் தொட்றாதீங்க! வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணிராதீங்க!" என்று கத்திக்கொண்டே போனார். முழுகின வண்டியை ஓட்டிப் பார்த்தால் உள்ளே போன தண்ணீர் என்ஜினை முறித்துவிடும். எங்கள் தெரு அரிசிக்கடை முதலாளி, "ஒரே ஒரு தடவை போட்டுத்தான் பாப்பமே" என்று சாவியைத் திருகி, அந்த வண்டி இன்றுவரை அவர் வீட்டு வாசலில் கோழி அடையப் பயன்படுகிறது. மற்றவர்கள் வண்டிகளை இசக்கியப்பன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய், ஆயிலை இறக்கி, திரும்ப ஊற்றி, திரும்ப இறக்கி, கல்லில் ஒரு சொட்டு விட்டுச் சத்தம் நிற்கும்வரை விடவில்லை. சுப்பையா அண்ணாச்சி, உங்கள் வண்டியும் அதில் ஒன்று. அவர் ஏன் அத்தனை கேள்வி கேட்கிறார் என்று அப்போது ஒருநாள் கேட்டேன். "ஓட்டுதவங்க சொல்லுததுதான் டீச்சர் பாதி வேலை. வண்டியில இருந்து மிச்சப் பாதியை நான் பாத்துக்கிடுவேன்" என்றார். ஜனங்கள் பொய் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றேன். "என்கிட்ட பொய் சொல்லி அவங்களுக்கு என்ன கெடைக்கப் போவுது?" என்று சிரித்தார்.

இனி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

என்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் என்று ஒரு பச்சைத் தண்ணீர் உண்டு. அதற்கென்று பானட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அது குறைந்தால் இதைத்தான் ஊற்றவேண்டும் என்று சொல்லி இசக்கியப்பன் ஒரு கேனை என்னிடம் தந்திருந்தார். "குழாய்த் தண்ணியை ஊத்திராதீங்க டீச்சர்" என்றும் சொல்லியிருந்தார். நான் அப்போது, "ஏன், நம்ம தாமிரபரணித் தண்ணிக்கு என்ன குறைச்சல்? எந்த ஊர்க்காரன் குடிச்சாலும் இந்தத் தண்ணியைத்தானே பெருமையாச் சொல்லுதான்?" என்று வாதம் பண்ணினேன். "ஆத்துத் தண்ணி நம்ம வயித்துக்கு. என்ஜினு திருநெல்வேலிக்காரன் இல்லையே, அதுக்கு எங்க ருசி தெரியும்?" என்றார். கொட்டகையில் இருந்த ஓட்டுநர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு ஐப்பசியில் டப்பாவில் அளவு குறைய ஆரம்பித்தது. வாரத்துக்கு அரை டம்ளர் இருக்கும். கேன் எங்கோ மச்சில் கிடந்தது. சமையலறைக் குழாயில் பிடித்து ஊற்றிவிட்டேன். மறுவாரமும் ஊற்றினேன். அதற்கடுத்த வாரமும். உப்புக்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். என்றாலும் எங்கள் ஊர்த் தண்ணீர் ஒன்றைக் கெடுக்கும் என்று மனசு ஒப்புக்கொள்ளவே இல்லை. இந்த ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் யாராயிருந்தாலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கெமிஸ்ட்ரி படித்தது நான் ஒருத்திதான்.

அந்த மாதக் கடைசியில் மூடியில் மறுபடியும் வெண்ணெய் கட்டியது. மழையில் ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் நின்று போயிருந்தது. இசக்கியப்பனிடம் கொண்டு போகலாம் என்றார் என் கணவர். அன்று காலை நான் காரைக் கழுவினேன், கண்ணாடியைத் துடைத்தேன், டப்பாவில் தண்ணீரைக் கோடு வரைக்கும் நிரப்பினேன். டாக்டரிடம் போகும்போது குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போவோமே, அந்தப் பழக்கம்தான். வேறு எந்த எண்ணமும் இல்லை. நோயைக் காட்டப் போகிறவள் நோயின் அடையாளத்தைத் துடைத்துவிட்டுப் போகிறேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொட்டகையில் அன்று சுப்பையா அண்ணாச்சியும் இன்னும் இரண்டு ஓட்டுநர்களும் இருந்தார்கள். என் கணவர் என் பக்கத்தில் நின்றார். இசக்கியப்பன் கம்பியைப் பார்த்தார், சுத்தமாகவே இருந்தது. கல்லில் சொட்டு விட்டார். முன்பு ஒரு சத்தம் கேட்ட இடத்தில் மூன்று நான்கு கேட்டது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கூலண்ட் டப்பாவிடம் போனார். அளவு சரியாகக் கோட்டில் நின்றது. குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். பச்சை கொஞ்சம் வெளிறியிருந்ததை அவர் கவனித்துவிட்டார் என்று இப்போது தெரிகிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்து மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"டீச்சர், நடுவுல தண்ணி ஊத்துனீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் வாதம் பண்ணியபோது சிரித்த ஓட்டுநர்கள்தான் அவர்கள். ஆமாம் என்றால் மறுபடியும் சிரிப்பார்கள். என் கணவர் வீட்டுக்குப் போய், படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதற்குக் கூசிக்கொண்டு, "இல்லை" என்றேன்.

"அப்ப சரி" என்றார் அவர். ஒரு நொடி யோசித்தார். "தண்ணி குறையலன்னா உள்ள போவலன்னு அர்த்தம். மழைக்காலம், ஓட்டமும் பத்தல. ஆயில் மாத்தித் தாரேன். ஒரு மாசம் ஓட்டிட்டு வாங்க, பாப்போம்." தண்ணீர் போகும் பாதையில் காற்றடித்து அழுத்தம் பார்க்கும் பம்பு ஒன்று உண்டு. அதை நண்பர் கடையிலிருந்து வாங்கி வந்து மாட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். அவர் பம்பை வாங்கப் போகவில்லை. என் வார்த்தை இருந்ததே, பம்பு எதற்கு என்று இருந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் மத்தியானம், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து போன் வந்தது. என் கணவரின் அண்ணன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உடம்பு மிகவும் முடியாமல் கிடக்கிறார், உடனே வரவும் என்று. இவருக்கு அப்பா இடத்தில் இருந்து படிக்க வைத்தவர் அந்த அண்ணன்தான். போட்டது போட்டபடி கிளம்பினோம். அந்த அவசரத்தில் டப்பாவை நான் திறந்து பார்க்கவில்லை. சேரன்மகாதேவி தாண்டும்போது சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். நிறுத்தினால் நேரமாகும். நிறுத்தவில்லை. வீரவநல்லூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. அதற்குமேல் அது நகரவே இல்லை.

வந்த பஸ் எல்லாம் நிரம்பி வழிந்தது. என் கணவர் நடுரோட்டில் நின்று கைகாட்டிப் பார்த்தார், கும்பிட்டுப் பார்த்தார். ஒரு லாரிக்காரர் இரங்கி ஏற்றிக்கொண்டபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. நாங்கள் வாசலில் கால் வைத்தபோது உள்ளே அழுகைச் சத்தம். "தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு ரெண்டு மட்டம் கேட்டாவ" என்று மதினி இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இவர் அழவில்லை. அண்ணன் காலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காரியங்கள் முடிந்ததும் இவர் நேரே பேட்டை ரோட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இழுத்துக்கொண்டு வந்த எங்கள் கார் கொட்டகைக்குள் நின்றது. கம்பியில் இப்போது ஆயில் பாலாகத் திரிந்திருந்தது. "என்னவே வேலை பாக்கீரு நீரு?" என்று என் கணவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "மழைக்காலம்னு சொன்னீரே! வேர்க்குதுன்னு சொன்னீரே! எங்க அண்ணன் என்னைத் தேடித் தேடிச் செத்துப் போனாரு வே! உம்ம பேச்சை நம்பித்தான நான் கெளம்புனேன்?" டீக்கடைக்காரர், ஓட்டுநர்கள், ரோட்டில் போனவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

இசக்கியப்பன் அப்போது கூலண்ட் டப்பாவின் மூடியைக் கையில் வைத்திருந்தார். டப்பாவின் அடியில் மிஞ்சிக் கிடந்தது ஆற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. பச்சை என்பது பேருக்குக்கூட இல்லை. அவர் அதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். மூடியைப் பைய டப்பாவில் வைத்துத் திருகினார். "தப்பு என்னுதுதான் சார். கேட்டதோட நின்னுட்டேன். பம்பு மாட்டிப் பாத்திருக்கணும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது சொல்லியிருந்தால் எங்கள் வீடு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் முகத்தை உயிரோடு பார்க்கவிடாமல் பண்ணியவள் நீதானா என்று இவர் கேட்டிருப்பார். பயந்தேன். அந்தப் பயத்தை இரக்கம், குடும்ப நிம்மதி என்றெல்லாம் நல்ல பெயர் வைத்து இத்தனை வருடம் கூப்பிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தூரப் பயணம் போகிற வண்டி என்றால் எதற்கு வம்பு என்று வேறு கடைக்குப் போனீர்கள். வெள்ளத்தில் காப்பாற்றப்பட்ட வண்டிகள்கூடப் போயின. ஒரு வருடத்தில் கொட்டகை மூடிவிட்டது. இசக்கியப்பன் வண்ணார்பேட்டையில் ஒரு ஒர்க் ஷாப்பில் நான்கைந்து பேரில் ஒருவராகச் சம்பளத்துக்குப் போனார். எப்போதாவது ரோட்டில் பார்ப்பேன். "நல்லாருக்கீங்களா டீச்சர், சார் நல்லாருக்காகளா?" என்று கேட்பார். வண்டியைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். நானும் நல்லா இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சுப்பையா அண்ணாச்சி வந்துபோன அன்று சாயங்காலம் இசக்கியப்பன் வீட்டுக்குத் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி பகவதி பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். அழுது முடிந்தபிறகு, இங்கேயாவது சொல்லிவிடலாம் என்று, "பகவதி, அன்னைக்கு வண்டி விஷயத்துல..." என்று ஆரம்பித்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"தெரியும் டீச்சர். அவிய அன்னைக்கே வந்து சொன்னாவ. டீச்சர் தண்ணி ஊத்திருக்காவ, சொல்லக் கூச்சப்பட்டுட்டாவன்னு சொன்னாவ. அப்ப போயிச் சொல்ல வேண்டியதுதான, எதுக்கு நீங்க ஏச்சு வாங்குதீயன்னு நான் சண்டை போட்டேன். 'சாரு அண்ணனைப் பறிகொடுத்துட்டு நிக்காரு. இப்ப இதைச் சொன்னா அந்த அம்மா அந்த வீட்டுல எப்படிளா இருப்பா? என்னைய ஏசிட்டு அவரு வீட்டுக்குப் போயிருவாரு'ன்னாவ." "நீங்களா வந்து ஒருநாள் சொல்லுவியன்னு நெனைச்சாவ. வெளிய சொல்லிக்கிட மாட்டாவ, ஆனா நெனைச்சாவ. எனக்குத் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பகவதி விடவில்லை. விடவேண்டியதும் இல்லை. "கொட்டகை போனது கூடப் பெருசில்ல டீச்சர். புதுக் கடையில சேந்ததும் அந்தப் பம்பு ஒண்ணு சொந்தமா வாங்கிக்கிட்டாவ. அதுக்கப்புறம் வண்டி கொண்டு வாரவங்ககிட்ட ஒண்ணும் கேக்கதில்ல. நேரா பம்பை மாட்டிருவாவ. முன்னால எல்லாம் வீட்டுக்கு வந்தா, இன்னார் இங்கன போனாரு, அவரு மகளுக்குக் கல்யாணமாம், அதனாலதான் வண்டி இப்படி ஓடியிருக்குன்னு கதை கதையாச் சொல்லுவாவ. அது நின்னு போச்சு. ஆளுகள நம்புததை விட்டுட்டாவ. அதை யாரு திருப்பித் தருவா?"

எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் நானும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இதுவரை எழுதிய பக்கங்களை அச்சுக்குக் கொடுக்குமுன் என் கணவரிடம் கொடுத்தேன். நான்கு வருடம் வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதி நீட்டுவதும் கோழைத்தனம்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது அதுதான். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து படித்தார். வீரவநல்லூர் வரும் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். நான் அடுப்படியில் ஒரு பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டுக் கூப்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தாளுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அத்தனை பேருக்கு முன்னால ஏசும்போதே தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து போய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பித்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டார். போட்டுவிடலாம் என்று அருகே போனேன். வேண்டாம் என்று விலகிக்கொண்டார். "அவரு வீடு எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நானும் வரவா என்று கேட்டேன்; அதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். காரை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினார். அங்கே என்ன பேசினார் என்று இதுவரை சொல்லவில்லை. என்னோடு இன்னும் சரியாகப் பேசவும் இல்லை. எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. காகிதத்தை மட்டும் மேஜைமேல் வைத்து, "இதுல ஒரு வரிகூட மாத்தாத. அப்படியே போடச் சொல்லு" என்றார்.

ஆகவே அண்ணாச்சி, அப்படியே போடுங்கள். இசக்கியப்பன் எங்கள் வண்டியில் கோட்டை விடவில்லை. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அவரைத் தெரிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவருடைய ஏதாவது ஒன்றை உங்களோடு வைத்துக்கொள்வீர்கள்: அவர் கைத்திறமையை, சிரிப்பை, வெள்ளத்தில் அவர் போட்ட சத்தத்தை. என் பங்குக்கு நான் எடுத்துக்கொள்வது அவர் நான்கு வருடம் சுமந்த பழியை. அது என்னுடையது, இசக்கியப்பன். கொடுத்துவிடுங்கள்.